தீபாவளிக்கு முன் கடனை இறுக்கினோம்

வங்கியில் கடன் கொடுக்கிறவனுக்கு வழியெல்லாம் கும்பிடு விழும். அதே ஆள் கடன் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தால் பஸ்ஸில்கூட யாரும் நகர்ந்து இடம் தரமாட்டார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பூட்டி வைக்கக் கடன்

ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டு ஹட்டனில், ஒரு வங்கிக் கிளையில் நான் கடன் பிரிவு கிளார்க். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வந்தது. விலைவாசி எகிறுகிறது, கடனை இறுக்குங்கள், வட்டியை ஏற்றுங்கள், இது மத்திய வங்கியின் உத்தரவு. ஜனங்கள் கையில் காசு கூடி, கடையில் சாமான் குறைந்தால் விலை ஏறத்தானே செய்யும்? முதல் பக்கத்தைப் படித்ததுமே நாட்டைக் காப்பாற்றப் போகிற மிதப்பு எனக்கு வந்துவிட்டது.

முதலில் மாட்டியவர் பஜாரில் துணிக்கடை முதலாளி. தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர்களுக்குத் தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கும்வரை துணியை வாங்கிப் பூட்டி வைப்பார். கொடுத்த மறுநாள் விலையை ஏற்றிக் கடையைத் திறப்பார். அப்படிப் பூட்டி வைக்கத்தான் கடன் கேட்டார். முடியாது என்றேன். கோபிக்கக்கூட இல்லை, மனுஷன்.

"வெலைய ஏத்துறது நானா தம்பி? தீபாவளிதானே ஏத்துது" என்றார்.

தையல் மெஷின்

அடுத்து வந்தவர் டெய்லர் அருளப்பன். அக்கரப்பத்தனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஹட்டனில் சின்னதாகக் கடை போட்டவர். தீபாவளிச் சட்டைகளுக்கு ஓடர் குவிந்திருந்தது. இன்னொரு மெஷின் வாங்கக் கடன் கிடைக்கும் என்று நம்பி இரண்டு பேரை வேலைக்கும் சேர்த்துவிட்டார். அவருக்கும் அதே முடியாதுதான். விலைவாசி குறைய வேண்டாமா என்று பிரசங்கம் வேறு செய்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"கொறையட்டுங்க ஐயா. நான் ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்பிட்டா, அந்தக் கொறைஞ்ச வெலைக்கு வாங்க அவங்க கையில என்னங்க இருக்கும்?"

இரண்டாம் பக்கம்

அன்று மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. சுற்றறிக்கையை மறுபடி எடுத்துப் புரட்டினால், இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருக்கிறது! சரக்கைப் பதுக்குவதற்குக் கடன் கூடாது. தொழில் செய்து பொருள் உண்டாக்குகிறவரின் கையைக் கட்ட வேண்டாம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அருளப்பனின் விண்ணப்பத்தோடு மேனேஜர் முன்னால் போய் நின்று உண்மையைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கடனை இறுக்கத்தான் சொன்னார்கள், மூளையை இல்லை" என்றார்.

அட்வான்ஸ் கொடுத்த வாரம்

மெஷின் வந்தது. பூட்டி வைக்கக் காசு இல்லாத முதலாளி, இருந்த துணியை முன்கூட்டியே விற்கத் தொடங்கினார்; அந்த வருஷம் விலை பெரிதாக ஏறவில்லை. மிச்சக் காசில் பிள்ளைக்கு ஒரு சட்டை கூடுதலாகத் தைக்கலாம் என்று தோட்டத்து ஜனம் அருளப்பன் கடையில் வரிசை கட்டியது. வேலையை விட்டு யாரும் போகவில்லை; மூன்றாவதாக ஒரு ஆளும் சேர்ந்திருந்தார். எனக்கு வந்த சந்தோஷத்தில் நானும் ஒரு சட்டைத்துணியை நீட்டினேன். அருளப்பன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"உங்களுது தீபாவளி கழிச்சுதாங்க ஐயா, இப்ப கை ஒழியல."

நாட்டின் விலைவாசியை எங்கள் கிளை அடக்கியதோ இல்லையோ, அந்தத் தீபாவளிக்குப் பழைய சட்டையோடு நெஞ்சை நிமிர்த்தி நடந்த ஒரே வங்கிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.