கொட்டில் எரிந்தபோது நான் பார்த்தது

சண்டை நின்ற சமாதான காலத்தில், இடம்பெயர்ந்திருந்த நான் என் ஊர் முரசுமோட்டைக்குத் திரும்பிய புதிதில், பக்கத்து வளவு மகேஸ்வரியின் கிடுகுக் கொட்டிலில் தீப்பிடித்தது. உள்ளே அந்தப் போகத்துக்கு அவர் வைத்திருந்த விதைநெல் மூட்டைகள்.

"ஐயோ, நெருப்பு!" என்று அவரைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு வீரனாய் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோதுதான் பார்த்தேன், கையில் இருந்தது வாளியல்ல, விளக்குமாறு.

ஆனால் தீயைக் கண்டதும் பதற்றமெல்லாம் போய்விட்டது. அது கூரையில் ஏறிக் கிடுகு கிடுகாய்த் தாவியது. இமைக்காமல் நின்றேன்.

மகேஸ்வரி தனியாக ஒரு மூட்டையை இழுத்து வெளியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன அண்ணை, பாத்தது காணுமோ? இல்லாட்டி உங்கட வீட்டையும் கொளுத்திக் காட்டவோ?"

மற்ற மூட்டைகள்மேல் கூரை விழுந்தது.

நான் பயத்தில் விறைத்து நின்றதாகச் சொல்லி ஊர் சிரிக்கிறது. நானும் சேர்ந்து சிரிக்கிறேன். அந்தத் தீ வடிவாக, அவ்வளவு அழகாக இருந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. மகேஸ்வரிக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.