அண்ணி பேசாமல் நின்ற மாலை

எங்கள் கான்வென்டில் ஒரு கன்னியாஸ்திரீ, எங்களைத் திட்டுவதற்கென்றே பழைய ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தார். சண்டைக்காரி என்றால் ஷ்ரூ. அதற்கும் மேலே போனால் டெர்மகன்ட். கூச்சல் போடுகிறவள் ஃபிஷ்வைஃப், மீன்காரி. ஓயாமல் திட்டி ஸ்கோல்ட் என்று பேர் எடுத்தவள் மேல் அந்தக் கால இங்கிலாந்தில் வழக்கே உண்டாம். நாற்காலியில் கட்டி ஆற்றில் முக்குவார்களாம். மலாயாவில் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். இத்தனை சொல்லுக்கும் ஒரே ஆள் போதும் என்று காட்ட அங்கே என் கணவரின் அக்கா இருந்தார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். பாசிர் பெனம்பாங் மீன்காரிகளே அவரிடம் விலை பேசத் தயங்குவார்கள்.

வெள்ளைக்கார அரசு காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது. அப்போது பார்த்து அண்ணியின் முட்டைக்கோழி காணாமல் போனது. கோழி களவு போனால் எங்கள் பெண்கள் நாலு திசைக்கும் மண் வாரித் தூற்றித் திருடனைத் திட்டுவார்கள். மூன்று திசை முடிந்தது. நாலாவது திசையில் வேலி, வேலிக்கு அப்பால் காடு.

“எங் கோழியத் தின்னவனே, தைரியமிருந்தா வாடா. சோறும் சேத்துப் போடறேன்.”

காட்டைப் பார்த்துக் கையை வீசிக் கூப்பிடுகிறாள் என்று காவலுக்கு நின்றவர் பிடித்துக்கொண்டு போனார். ஆபீசு வாசலில் லோரி உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஏறிப் போனவர்கள் யாரும் சீக்கிரம் திரும்பியதில்லை.

ஆபீசுக் கணக்கு எழுதும் கிராணி ஊரில் இல்லை. வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். வழக்கத்தைச் சொன்னேன், நம்பவில்லை. கன்னியாஸ்திரீயின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். டெர்மகன்டில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்படிப்பட்டவள் என்றால் திட்டிக் காட்டட்டும்” என்றார்.

அண்ணி வாயைத் திறக்கவில்லை. முந்தானை நுனியை முறுக்கியபடி, மழையில் நனைந்த ஆடு மாதிரி நின்றார். அந்த மௌனத்தை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அதிகாரியின் சிரிப்பு வற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணி, கோழிய எவனும் திருடல. நாந்தான் கொழம்பு வெச்சேன்.”

தலை மெல்ல நிமிர்ந்தது. “என்னது?”

“உங்களுக்கு ஒரு எலும்புகூட வைக்கல.”

“அடி எடுபட்டவளே, படிச்ச சிறுக்கி…” என் அப்பன் வீட்டில் தொடங்கி, கான்வென்டுக்கு வந்து, மேசைக்கு அந்தப் பக்கமும் தாவினார். “நீ என்னடா பாக்கறே, வெளக்கமாத்துக் கட்டை?”

அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போங்கள் என்று கையை ஆட்டினார். லோரி காலியாகவே போனது.

வழியெல்லாம் திட்டிக்கொண்டு அண்ணி முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். லயத்துக் குழாயடியில் அண்ணி திரும்பிப் பார்த்தார்.

“நெசமாவே கொழம்பு வெச்சியா?”

“இல்ல அண்ணி.”

“பொய் சொல்ற வாயப் பாரு.”

மறுபடி தொடங்கினார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கும்வரை அது ஓயவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன்.