சவுரிராயனின் வலது கை

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் சவுரிராயனை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை. மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை. "டாக்டரே, மாடு விடியக்காலத்திலேருந்து கத்துது, ஜல்தி வாங்க" என்று போன் வரும். பருவத்துக்கு வந்த மாடு யாருக்காகவும் காத்திருக்காது. அரை நாள் தவறவிட்டால் இன்னும் மூன்று வாரம் போய்விடும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, காளை விந்தை உறையவைத்திருக்கும் நைட்ரஜன் கேனை வண்டியின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்த வேலைக்குக் கைதான் எல்லாம். இடது கையை உள்ளே விட்டுக் கருப்பையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையால் மெல்லிய கம்பியைக் கண்ணால் பார்க்காமலே அதன் வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கம்பி அசைந்தால் மாட்டுக்குப் புண். சவுரிராயன் கை பட்டால் மாடு வாலைக்கூட ஆட்டாது என்று சொல்வார்கள்.

பதினான்கு வருடம் ஓட்டிய நூறு சிசி வண்டி சென்ற கோடையில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு பையனிடமிருந்து இருநூறு சிசி வண்டி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். இரண்டு வருட வண்டி, கீறல் கிடையாது. மனைவி இருதயசெல்விக்கு அதன் சிவப்பு நிறம் ரொம்பப் பிடித்துப்போனது.

பெரிய ரோட்டில் வேகமாகப் போனால் வண்டி நன்றாகத்தான் போயிற்று. தொந்தரவெல்லாம் ஊருக்குள். மெதுவாகப் போக ஆக்சிலேட்டரை லேசாகத் திருகினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம் குதித்துப் பாயும். விட்டால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி முகம் முன்னால் போகும். பழக்கப்பட்ட மெக்கானிக் பிளக்கை மாற்றினார், செயினை இறுக்கினார். "பழைய வண்டி ஓட்டின கை. போகப் போக சரியாயிடும்" என்றார். சவுரிராயனும் நம்பினார். கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்து ஓட்டினார். ஒரு நாளைக்கு எட்டு ஊர், பத்து ஊர்.

இரண்டாவது மாதத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில் கண்ணாடி டம்ளரை எடுத்தால் டீ ததும்பி விரலில் வழிந்தது. மறுநாளும் அப்படியே. வீட்டில் சோறு பிசைந்தபோது கட்டைவிரல் தன்பாட்டுக்குத் துடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருடைய அண்ணன் டோமினிக்குக்கு நடுக்குவாதம். ஐம்பத்திரண்டாவது வயதில் வலது கட்டைவிரலில்தான் தொடங்கியது. இப்போது சட்டைப் பித்தான் போடக்கூட ஆள் வேண்டும். சவுரிராயனுக்கு ஐம்பத்தொன்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. டீயை இடது கையால் குடிக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் மயிலத்துக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணவேணி என்கிற பெண்மணியின் மாட்டுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. குண்டும் குழியுமான தெருவில் வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனார். கம்பியை எடுத்ததும் அதன் நுனி ஆடியது.

"என்னா டாக்டரே, கை இப்டி ஆடுது? ஒடம்பு சரியில்லையா?"

"காலையில சாப்புடாம வந்துட்டேம்மா."

மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ வேலையை முடித்தார். திரும்பும் வழியில், மல்லாட்டைக் கடலை காயவைத்திருந்த தெருமுனையில் ஆடுகள் குறுக்கே வந்தன. வேகத்தைக் குறைத்தார். வண்டி ஒரு உதறு உதறி அவரோடு சாய்ந்தது. கேன் உருண்டு, மூடி கழன்று, வெள்ளைப் புகை தரையோடு பரவியது. உள்ளே இருந்த, விந்து அடைத்த சினைக்குழல்கள் அத்தனையும் வீண். முழங்காலில் சிராய்ப்புதான். தூக்கிவிட ஆட்கள் வந்த பிறகும் அவர் வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஐந்து நாளும் போன் செய்தவர்களிடமெல்லாம் "வண்டி ரிப்பேருங்க" என்றார். பொய் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார்.

விழுந்ததில் கிளட்ச் லீவர் வளைந்திருந்தது. "அதையாவது மாத்துங்க, வண்டி சும்மா நிக்குது" என்று இருதயசெல்வி விரட்டவே, மயிலம் ரோட்டில் புதிதாகக் கடை போட்டிருந்த புனிதாவிடம் கொண்டுபோனார். நாற்பது வயதுப் பெண். சென்னையில் வண்டிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். லீவரை மாற்றி, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போனார். கடை வாசலில் நின்ற சவுரிராயன், வண்டி தெருவில் துள்ளுவதையும் புனிதாவின் தலை முன்னும் பின்னும் போவதையும் பார்த்தார்.

இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்த புனிதா வண்டியை விட்டு இறங்கிக் கையை உதறிக்கொண்டார்.

"அண்ணே, இத வச்சிக்கினு எப்டிண்ணே ஊர் ஊரா சுத்தினீங்க? செகண்ட் கியர்ல ஆளையே தூக்கி எறியுது. ரெண்டு நிமிசத்துல என் கையே விட்டுப்போச்சு."

சவுரிராயன் ஓரடி முன்னால் வந்தார். "உனக்கும் அப்டித்தான் இருந்துச்சா?"

"யார் ஓட்டினாலும் அப்டித்தான் இருக்கும்."

"இன்னொரு தரம் சொல்லும்மா."

புனிதா அவரை விநோதமாகப் பார்த்துவிட்டு, மறுபடியும் சொன்னார்.

சீட்டைக் கழற்றி, அடியில் இருந்த சாக்கெட்டில் வயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினார். சற்று நேரம் திரையையே பார்த்தார்.

"நெனச்சேன். வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்குதுண்ணே. எவ்ளோ பெட்ரோல் விடணும், எப்ப நெருப்பு அடிக்கணும்னு அதுதான் முடிவு பண்ணும். முன்னாடி வச்சிருந்த ஆளு சத்தம் போடுற சைலன்சர் மாட்டி, வேகமா பறக்கறதுக்குத் தோதா அந்தக் கணக்க மாத்தி எழுதியிருக்காரு. விக்கிறப்ப பழைய சைலன்சர மாட்டிட்டாரு. கணக்க அப்டியே விட்டுட்டாரு. மெதுவா போனா அது ஒத்துவராது."

"என்னா பண்ணலாம்?"

"கம்பெனிக் கணக்கையே திரும்ப ஏத்திடலாம். கால் மணி நேரம். நடுவுல சாவிய மட்டும் தொடாதீங்க."

கரண்ட் குறையாமலிருக்க பேட்டரியில் தனியாக ஒரு சார்ஜரை மாட்டினார். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல வளர்ந்தது. சவுரிராயன் அந்தக் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் புனிதா சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரே சீராக ஓடியது.

வண்டியை ஓட்டிப் பார்க்க மயிலம் பக்கம் போனபோது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டார். முன்பு என்றால் பல்லைக் கடித்திருப்பார். இப்போது இரண்டாவது கியரில் வண்டி அதன் பின்னாலேயே நடைவேகத்தில் போயிற்று. திருகிய அளவுக்கு நகர்ந்தது, விட்ட அளவுக்குத் தணிந்தது. வேகம் ஒன்றும் கூடவில்லை, முன்பிருந்த சீற்றமும் இல்லை. பிடியைத் தளர்த்திப் பார்த்தார். இரண்டு விரலே போதுமாயிருந்தது. இரண்டு மாதமாகக் காதுக்கருகில் ஏறி நின்ற தோள்கள் இறங்கின. ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொஞ்சம் அழுதார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். இருதயசெல்விக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ரெண்டு மாசமா இத மனசுல வச்சிக்கினு ஒத்தையா சுத்தினீங்களா? நான் எதுக்கு இருக்கேன்?" ஒரு வாரத்தில் நடுக்கம் ஏறக்குறைய நின்றுபோனது. ஆனாலும் இருதயசெல்வி விடவில்லை. விழுப்புரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் அவரை இழுத்துப்போனாள்.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், காகிதத்தில் சுருள் சுருளாக வட்டம் வரையச் சொன்னார். அண்ணனைப் பற்றி விசாரித்தார். பிறகு வண்டிக் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நடுக்குவாதம் இல்லைங்க. நாள் பூரா இறுக்கிப் பிடிச்சதுல தசை களைச்சுப்போச்சு. வருசத்துக்கு ஒரு தரம் வந்து காட்டுங்க, போதும்."

வெளியே வந்து வண்டியருகில் நின்றபோது போன் அடித்தது. திருவக்கரைப் பக்கத்துக் குரல் ஒன்று, மாடு காலையிலிருந்து கத்துவதாகச் சொன்னது.

"வந்துகினே இருக்கேங்க" என்றார் சவுரிராயன்.

இருதயசெல்வி புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "திண்டிவனத்துல வீட்டுல என்ன எறக்கி வுட்டுட்டு, கேன எடுத்துக்கினு கெளம்புங்க" என்றாள்.