காலிக் கப்பலில் ஏற்றிய கற்கள்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தை மூச்சிளைப்பு தணிந்து இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறான். விடிந்தால் என்னால் உட்கார முடியாது. சூசைராஜ் அண்ணனோடு அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்கள் உங்கள் சங்கத்து இதழில் இதைப் படிப்பீர்கள் என்று அனுப்புகிறேன். நெய்வேலியில் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் அவர். இப்போது இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், முதல் ஷிப்ட் முடிந்து பஸ் வந்து நின்றது. இறங்கியவர்கள் அவரவர் வீட்டுக்குப் பிரியாமல் கூட்டமாக நின்றார்கள். அண்ணன் மட்டும் இறங்கவில்லை. அவர் மனைவி ஆரோக்கியம் அக்காவிடம் யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேலையிடத்திலேயே மாரடைப்பு. அக்கா உள்ளே அவருக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட் ஆவதற்கு முன் அவர் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டவர். உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் பிளாக்கில் அவர் சொன்ன விதத்தில் சொல்கிறேன். கோதுமையும் உரமும் சுமந்த சரக்குக் கப்பல். சண்டை வந்தால் மட்டும் கூப்பிடப்படும் ரிசர்வ் ஆட்களுக்குப் பயிற்சி தர, கடற்படை அதை வாங்கி மாற்றியது. சரக்கு அறைகளில் அடுக்குக் கட்டில்கள், ஒன்றில் வகுப்பறை, மேல்தளத்தில் பீரங்கிக்கு மேடை. எல்லாம் செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்.

"மூட்ட செமந்து பழகின கப்பலு தங்கச்சி. மனுஷங் கனம் அதுக்கு எம்மாத்திரம்? மொத நாளே தொட்டிலு மாரி ஆடுது. பேங்க்ல, ஆபீஸ்ல இருந்து வந்தவங்க எல்லாம் வாளியக் கட்டிப் புடிச்சிகினு கெடந்தாங்க" என்பார். கரைக்குத் திரும்பி வந்து, அடி அறை நிறையக் கருங்கல் ஏற்றிய பிறகுதான் அது நிதானத்துக்கு வந்ததாம்.

"கடைசி வரைக்கும் சண்டைக்கே போவாத கப்பலுக்கு இவ்ளோ பேச்சு" என்று அக்கா குத்துவார்.

"அதுக்கும் சேத்துதான் உன்னக் கட்டிகினேனே" என்பார் அவர்.

தன்னையும் ரிசர்வ் ஆள் என்றுதான் சொல்லிக்கொள்வார். தண்ணீர் மோட்டார் நின்றாலும் அவர்தான், சாவு வீட்டில் பந்தல் போட ஆள் குறைந்தாலும் அவர்தான். என் கணவருக்கு இரண்டாம் ஷிப்ட் இருந்த ஒரு சாயங்காலம் குழந்தைக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரைத் தட்டினேன். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சைக்கிளோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில், இந்தப் பயத்தை எத்தனை காலம் சுமப்பேனோ என்று அழுதேன்.

"எறக்கி வெக்கப் பாக்காதீங்க தங்கச்சி. காலிக் கப்பல்தான் ஆடும்" என்றார். பிறகு டீ வாங்கப் போய்விட்டார்.

ஓய்வு பெற்றதும் அக்காவை அழைத்துப் போய்க் கப்பலைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். பொங்கலுக்கு முன் வடலூர் பஸ் நிலையத்தில் யாரோ அவரிடம், அதை உடைக்க விற்றுவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "அவன் கண்ணால பாத்தானா?" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு கப்பல் கதையை எடுக்கவே இல்லை.

அண்ணனுக்கு வைத்த மாதப் பூசை முடிந்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இன்னும் தண்ணியிலதான் நிக்கிதான்னு எழுதிக் கேளும்மா. இருந்தா, ஒரு தடவ போயி அது மேல நின்னுட்டு வந்துடறேன்."

கப்பலை விட்டு வரும்போது அவர் எடுத்து வந்த கருங்கல் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காதான் கொடுத்தார். கதவு அடித்துக்கொண்டு குழந்தை விழிக்காதிருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். இன்று விளக்கு வைக்கும் நேரம் அவனுக்கு மறுபடி இளைத்தபோது, என் கை தானாகச் சுவரைத் தட்டிவிட்டது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா திருப்பித் தட்டினார்.

கடிதம் இன்னும் போகவே இல்லை, அதற்குள் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அக்கா வாசலுக்கு வந்துவிடுகிறார். கப்பல் இருந்தாலும் சரி, உடைத்துவிட்டார்கள் என்றாலும் சரி, தெரிந்தவர்கள் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.