பெயர் தெரியாதவருக்கு ஒரு படையல்

“செத்தவீட்டு வாசலிலேயே நிக்கமாட்டாய். நீ சவத்தை வெட்டிப் படிக்கப்போறியோ?” என்று அப்பா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான், அதுவும் மருத்துவத்துக்கு. பாருங்கோ என்றேன்.

ஊரில் போர் முடிந்த ஆண்டு அது. வன்னியில் காணாமல்போன தன் அண்ணன், என் மாமாவின் தகவலுக்காக, நாங்கள் குடியேறிய ஹ்விடோவ்ரே நகரத்து வீட்டில் அம்மா மாலை முழுவதும் தொலைபேசியருகே இருப்பார். இலையுதிர்காலத்தில் ஒருவர் பேசினார். மாமா விழுந்ததைக் கண்டாராம். உடலை எடுக்க முடியவில்லையாம்.

அதே வாரம் எங்களுக்கு உடற்கூற்று வகுப்பு தொடங்கியது. முன்னொரு காலத்தில் தூக்கிலிடப்பட்டவர்களையும் ஏழைவிடுதிகளில் இறந்தவர்களையும்தான் வெட்டிப் படித்தார்கள் என்றார் ஆசிரியர். சில நாடுகளில் புதைகுழியைத் தோண்டி உடல்களை எடுத்தே விற்றார்களாம். படித்த பெருமையில் அதைச் சாப்பாட்டு மேசையில் ஒப்புவித்தேன். அம்மாவின் கை சோற்றிலேயே நின்றது.

“கேட்டுவர ஆளில்லாத சவங்களைத்தானே வித்தவை? உன்ரை மேசையில கிடக்கிறது ஆர் பெத்த பிள்ளை? கேக்காமல் கத்தி பிடிக்காதை.”

மறுநாள் நான் கத்தியைத் தொடவில்லை, ஆசிரியரிடம் கேட்டேன். பெயர் சொல்லமாட்டார்களாம். வயதான பெண், உயிரோடிருந்தபோதே தன் உடலைப் படிப்புக்கென்று கொடுத்தவர். வீட்டில் வந்து சொன்னேன்.

“தானாத் தந்தவவோ?” என்றார் அம்மா.

செய்தி வந்த நாளிலிருந்து எண்ணி, மாமாவுக்கு எட்டுச்செலவு செய்தோம். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். மாமாவின் இலையில் பிட்டு, மீன்குழம்பு, ஒரு சிகரெட். பக்கத்தில் அம்மா இன்னோர் இலை போட்டார். கறுப்புப் பாண், அதில் பூசும் ஈரல் விழுது, பீட்ரூட் ஊறுகாய், பால் விடாத கோப்பி.

“உடம்பைத் தந்த அந்த மனுசிக்கு இதுதான் பிடிக்குமெண்டு ஆர் சொன்னது?” என்றார் அப்பா.

“முதியோர் இல்லத்தில வேலையெண்டு இந்த நாட்டு வயசாளியளுக்குச் சாப்பாடு தீத்திறது நான். எனக்குத் தெரியாதோ? அண்ணையும் பக்கத்தில ஆளில்லாமல் சாப்பிடமாட்டார்.”

திங்கட்கிழமை கத்தியைப் பிடித்தேன். மாலையில் கதவைத் திறந்த அம்மா, செத்தவீட்டால் வந்தவரிடம் சொல்வதுபோல், முழுகிப்போட்டுச் சாப்பிட வா என்று துடைக்கத் துவாயை நீட்டினார். அந்தத் துவாய், மீன்குழம்போடு கோப்பி கலந்த அந்தப் படையல் மணம், இரண்டையும் இப்போது வீட்டைவிட்டு வந்து தங்கியிருக்கும் என் மாணவர் அறையில் தேடுகிறேன்.

இந்த ஆண்டு, மேல்வகுப்புக்கு வந்த நான், புதிய மாணவர்களுக்கு அந்த உடற்கூற்று மண்டபத்தில் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குக் கேட்டேன், கிடைத்தது. சென்ற வாரம், அவர்கள் கத்தியை எடுக்குமுன், மேசையில் இருப்பவர் எப்படி அங்கே வந்தார் என்று சொல்லித்தான் தொடங்கினேன்.