மாஸ்டர் வீட்டுக் கமாண்டர்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை என்பதால் தெருவில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். வீட்டிலும் தான் மாஸ்டர்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்திவந்தவள் அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ்.

காலையில் வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டுப் படுத்தால்தான் அவளால் மறுபடி ராத்திரி கண் விழிக்க முடியும். அந்தத் தூக்கத்துக்குத்தான் மாஸ்டர் உலை வைத்தார்.

"நீ பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறே. வீட்டுக்குக் காவல் வேண்டாமா?" என்று ஒரு நாயைக் கொண்டுவந்தார். குட்டைக்கால், பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தே கிடக்கும். அதற்கு அவர் சூட்டிய பெயர் கமாண்டர்.

முன்னறை ஜன்னலை ஒட்டிக் கிடந்த சோபாவின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தெருவில் தலை தெரிந்தால் போதும், கமாண்டர் தொண்டை கிழியக் குரைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், தபால்காரர், குடை பிடித்து வருகிறவர், யாரும் பாக்கியில்லை. காலிங் பெல் அடித்தாலோ வீடே இரண்டுபடும்.

மாஸ்டரிடம் இதற்கு ஒரே வைத்தியம். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல், "ஏய்! வாயை மூடு!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்துவார். துணைக்கு ஆள் வந்துவிட்ட குஷியில் கமாண்டர் இன்னும் எம்பி எம்பிக் குரைக்கும்.

"நீங்களும் கூடச் சேந்து குலைச்சா அது எப்படிங்க நிறுத்தும்?" என்பாள் நர்ஸ், கதவிடுக்கில் தலையை நீட்டி.

"அதுக்குக் கடமை உணர்ச்சி அதிகம். உனக்கு இதெல்லாம் புரியாது."

பேப்பரைச் சுருட்டி அடித்துப் பார்த்தார். முகத்தில் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தார். நாய் சோபாவுக்கு அடியில் போய் நடுங்கியது. அடுத்த காலடிச் சத்தத்துக்கு அங்கிருந்தே குரைத்தது.

ஒரு மத்தியானம் கமாண்டர் வழக்கத்தைவிட அதிகமாகவே ஆர்ப்பாட்டம் செய்தது. டிவியில் கிரிக்கெட். மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பைக் கழற்றி வீசினார். ஆட்டம் முடிந்து வெளியே போனால், தொப்பையைக் குறைக்கப்போவதாகச் சபதம் போட்டு வாங்கிய கியர் சைக்கிள் வாசலில் இல்லை.

"இந்தத் தண்டச்சோறு என்ன பண்ணிட்டிருந்துது?" என்று குதித்தார்.

"அது சொல்லுச்சு. நீங்கதான் செருப்பால அடிச்சு வாயை மூடச் சொன்னீங்க."

"தினம்தான் கத்துது! எதைன்னு கேக்கறது?"

"அதைத்தானே நானும் இத்தனை நாளா சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குமேல் பேசினால் வாய்தான் வலிக்கும்.

அவளுக்கு நாய்மேல் கோபம் வரவில்லை. வார்டில் யார் நடந்துபோனாலும் அலறுகிற நோயாளிகளை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களை அதட்டி யாரும் அடக்கியதில்லை. பயந்தவன் கத்துகிறான், அவ்வளவுதான்.

அந்த வாரம் லீவு போட்டாள். முதலில் சோபாவை எதிர்ச்சுவருக்குத் தள்ளினாள். "டிவியை நான் எங்கேருந்து பாக்கறது?" என்ற மாஸ்டரின் கேள்வி காற்றோடு போயிற்று. ஜன்னலின் கீழ்க் கண்ணாடியில் வெளிச்சம் மட்டும் வருகிற மாதிரி வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினாள். தெரு மறைந்ததும் பாதிக் குரைப்பு அடங்கிப்போனது.

மிச்சத்துக்குத் தன் தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வெளியே நின்று பெல்லை அடிக்க வேண்டும். அவள் சமையலறை வாசலில் விரித்த பழைய மிதியடியில் வேகவைத்த கோழித் துண்டைப் போடுவாள். முதல் நாள் கமாண்டர் கறியையும் தின்றது, கதவுக்கும் பாய்ந்தது.

"அக்கா, இன்னும் எத்தனை தடவை? பக்கத்து வீட்டுல என்னைப் பைத்தியம்னு நினைக்கறாங்க."

"பேசாம அடிடா."

மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கறி குடுத்து நாயைக் கெஞ்சற வீடு இது ஒண்ணுதான்!"

"உங்ககிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க ஏன் பாதியில ஓடறாங்கன்னு இப்பத்தான் புரியுது" என்றாள் அவள், கறியைக் கிள்ளிக்கொண்டே. தம்பி வெளியே சிரித்தது உள்ளே கேட்டது.

நாள் போகப்போக, பெல் அடித்தால் கமாண்டர் ஒரு குரல் கொடுத்துவிட்டு மிதியடிக்கு ஓடி, அவள் கையைப் பார்த்து உட்காரத் தொடங்கியது. இடையில் மாஸ்டர் பழக்கதோஷத்தில் ஒருநாள் "ஏய்!" என்று கத்தித் தொலைக்க, எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாயிற்று. அன்று அவள் போட்ட சத்தத்துக்கு மாஸ்டரே மிதியடியில் போய் உட்கார்ந்திருப்பார். அதன்பிறகு அவரும் பழகிவிட்டார். சிலிண்டர் உருளும் சத்தத்துக்கு மட்டும் கமாண்டர் இன்றுவரை குரைக்கிறது. அதை அவள் விட்டுவிட்டாள்.

போன சைக்கிள் போனதுதான்.

அண்மையில் மாஸ்டரின் நண்பர் ஒருவர் வந்தார். நாய் ஒரே குரலோடு நிறுத்திவிட்டு மிதியடியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்து, "எப்படிப்பா பழக்கினே?" என்று வாயைப் பிளந்தார்.

மாஸ்டர் காலை ஆட்டிக்கொண்டு, "கண்டிப்பு வேணும்ப்பா. நாம யாருன்னு அதுக்குத் தெரியணும்" என்று ஆரம்பித்தார்.

அறைக்குள் படுத்திருந்த நர்ஸின் காதில் அது விழுந்தது. எழுந்துபோய் மறுக்கிற அளவுக்கு அந்தப் பேச்சுக்கு அவளிடம் மதிப்பில்லை. போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.