கிலுகிலுப்பையைக் கடித்த அப்பா

பஸ் டிரைவர் ஒருவரின் மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியதிலிருந்து, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குள் போனது. இனி எதை வாங்கினாலும் முதலில் தானே கடித்துப் பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார்.

பொம்மைக் கடையில் சிவப்புக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்து நன்றாகச் சப்பினார்.

கடைக்காரர் பதறினார். “சார், அது குழந்தைக்கு!”

“குழந்தையும் இதைத்தானேங்க பண்ணப்போகுது?” என்று கேட்டவரின் நாக்கு தக்காளிபோல் சிவந்திருந்தது. எச்சில் பண்ணிய பொருளுக்குக் காசைக் கொடுத்து, அதை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

அந்த நாக்கைப் பார்த்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். “பாப்பா பொம்மையா கேட்டா? அங்க பாருங்க.”

அம்மா கழுவித் தந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை மகள் மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் அதையும் சோதித்துப் பார்க்கக் கை நீட்டினார். அவள் கொடுப்பதாக இல்லை. வீடே அதிரும்படி வீறிட்டாள்.